மூன்று போர்வைகளும் ஒரே இடத்தில் கிழிந்தன: குற்றம் துணியிலா, அளவிலா?

டேல்ஸ் மேய்ச்சல் (யார்க்‌ஷயர், இங்கிலாந்து)
நவம்பர் 8, இரவு 9.10

இரண்டு குளிர்காலத்தில் என் குதிரையின் மூன்று மழைப் போர்வைகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். துணி இழையின் கனம் முதலாவதில் 600 டெனியர், அடுத்த இரண்டிலும் 1200. மூன்றும் கிழிந்தது ஒரே இடத்தில்தான்: நெஞ்சுப் பக்கிளுக்கு அருகே, வலது தோளை ஒட்டிய தையலில். என் குதிரை தரோபிரெட் என்ற பந்தய இனத்தின் கலப்பு, 15.2 கை உயரம் (15 கை 2 அங்குலம், ஒரு கை என்பது 4 அங்குலம்), பன்னிரண்டு வயது. குளிர்காலத்திலும் சவாரிக்குப் போவதால் உடம்பு முடியை மழித்திருக்கிறோம். இரவும் பகலும் மேய்ச்சலில்தான் நிற்கிறான். இங்கே மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கிறது.

அளவில் தவறில்லை. 6 அடி நீளப் போர்வையில் தோள் முடி உரிந்ததால் ஒரு படி பெரிதாக 6 அடி 3 அங்குலம் வாங்கினேன். கடைப் பட்டியலிலும் அவன் உயரத்துக்கு அதுதான் போட்டிருந்தது. என் முடிவு இதுதான்: குற்றம் துணியில். 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலானுக்குக் குறைந்த எதையும் திறந்த வெளியில் நிற்கும் குதிரைக்கு வாங்குவது காசைச் சேற்றில் போடுவது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

தையல் மேசை (கில்டேர், அயர்லாந்து)
நவம்பர் 8, இரவு 10.45

மறுக்கிறேன் அண்ணா. பதினோரு வருடமாகக் குதிரைப் போர்வைகளைத் துவைத்துத் தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். என் மேசைக்கு வருகிறவற்றில் நடுத்துணி கிழிந்து வருவது குறைவு. பெரும்பாலும் தையல் பிரிந்தோ, வார் பிடுங்கிக்கொண்டோ, பக்கிள் தைத்த இடம் பெயர்ந்தோதான் வரும். அந்த இடங்களில் டெனியர் உங்களைக் காப்பாற்றாது.

டெனியர் என்பது இழையின் கனம். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் அந்த எண். நெசவு நெருக்கமா, நூல் நைலானா பாலியஸ்டரா, உள்ளே பூசிய நீர்காப்புப் பூச்சு எப்படிப்பட்டது, தையலுக்கு மேல் பட்டை ஒட்டியிருக்கிறார்களா, இவை எதையும் அந்த எண் சொல்லாது. நெருக்கமாக நெய்த 1000 டெனியர் துணி, தொளதொளவென்று நெய்த 1680 துணியைவிட நாள்பட உழைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அளவைப் பெரிதாக்கியதுதான் தவறு. பெரிய போர்வை பின்னோக்கி நழுவும். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்கு முன்னால் உட்கார வேண்டிய கழுத்து விளிம்பு அந்த மேட்டுக்குப் பின்னால் போய்விடும். அப்போது போர்வையின் எடை முழுவதும் நெஞ்சுப் பக்கிளில் தொங்கும். குதிரை ஒவ்வொரு முறை தலைகுனிந்து மேயும்போதும், முன்னங்காலை நீட்டும்போதும் தோள் அந்தத் தையலைத்தான் இழுக்கும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் இழுப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய போர்வை இன்னும் கையில் இருந்தால் உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். உராயும் இடத்தில் லைனிங் மெருகேறிப் பளபளக்கும், சிறு முடிகள் குத்திக்கொண்டு நிற்கும். முன்விளிம்புக்கு உள்ளே இரண்டு பக்கமும் நிலாப்பிறை மாதிரி ஒரு பளபளப்பு தெரிந்தால், உங்கள் கேள்விக்கு அதுதான் பதில்.

டேல்ஸ் மேய்ச்சல்
நவம்பர் 9, காலை 6.30

தங்கச்சி, பளபளப்பு இருக்கிறது. வலதுபக்கம் அதிகம். ஆனால் சிறிய போர்வையில் தோள் முடி உரிந்தது, பெரியதில் தையல் கிழிந்தது. இரண்டும் உண்மை என்றால் எந்த அளவும் அவனுக்குப் பொருந்தாது என்றுதானே ஆகிறது? அப்படியிருக்கும்போது கிழியாத துணியைத் தேடுவதில் என்ன தவறு?

புல்வெளி (அபர்டீன்‌ஷயர், ஸ்காட்லாந்து)
நவம்பர் 9, காலை 8.15

துணியா அளவா என்று வாதாடும் இருவரும், போர்வை வேண்டுமா என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் கால்நடை மருத்துவமனையில் செவிலியர். குளிரில் நடுங்கி வந்த குதிரைகளைவிட, கொழுத்துப்போய்க் குளம்பில் லேமினைடிஸ் (குளம்பின் உள்திசு அழற்சி) வந்து நிற்கமுடியாமல் வந்த மட்டக்குதிரைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவற்றில் பல, அக்டோபரிலேயே கெட்டியான போர்வைக்குள் போனவை.

வளர்ந்த குதிரைக்கு ஏறத்தாழ 5 முதல் 25 டிகிரி வரை உடல்வெப்பத்தைக் காக்கத் தனி முயற்சியே தேவையில்லை. குளிருக்குப் பழகி, அடர்ந்த முடியோடு இருக்கும் குதிரை அதற்கும் கீழே நன்றாகத் தாங்கும். வைக்கோலும் உலர்புல்லும் பெருங்குடலில் நொதிக்கும்போது வெளிவரும் வெப்பம்தான் அதன் அடுப்பு. முடி சிலிர்த்து நின்றால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். அதன்மேல் மெல்லிய போர்வையைப் போட்டு முடியை அமுக்கிவிட்டால், இருந்த காப்பையும் நாமே கெடுத்ததாகும்.

நார்வேயில் 2016இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். 23 குதிரைகளுக்குக் குறியீட்டுப் பலகைகளைத் தொடக் கற்றுக்கொடுத்தார்கள். கிடைக்கோட்டைத் தொட்டால் போர்த்திவிடுவார்கள், செங்குத்துக் கோட்டைத் தொட்டால் கழற்றிவிடுவார்கள், வெறும் பலகை என்றால் இப்படியே இருக்கட்டும். இரண்டு வாரத்தில் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. நல்ல வெயில் நாளில் அவை கேட்டது வெறும் உடம்பைத்தான். நம் குளிரை அவற்றின் முதுகில் ஏற்றுகிறோம்.

டேல்ஸ் மேய்ச்சல்
நவம்பர் 9, காலை 9.00

அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள் அக்கா. மழையும் காற்றும் சேர்ந்த குளிர் நாளில் அதே குதிரைகள் போர்வையைக் கேட்டன. என் ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் அப்படிப்பட்ட நாள்கள்தான். நனைந்த முடி சிலிர்த்து நிற்காது, படிந்துவிடும். என்னுடையவனுக்கோ சிலிர்க்க முடியே இல்லை, நாங்கள் மழித்துவிட்டோம். மழித்தவர்கள் போர்த்தவும் வேண்டும். அது தயவு அல்ல, கடமை. அவனுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் பஞ்சு நிரப்பிய போர்வை, பக்கத்தில் நிற்கும் மகளின் ஷெட்லாந்து மட்டக்குதிரைக்கு 100 கிராம்.

புல்வெளி
நவம்பர் 9, காலை 9.20

மழித்த குதிரையைப் பற்றி உங்களோடு சண்டை இல்லை. ஷெட்லாந்துக்கு எதற்குப் போர்வை? அந்த இனம் பிறந்ததே மரமில்லாத தீவுகளின் காற்றில். இன்று மாலை போர்வையைக் கழற்றி விலா மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துப் பாருங்கள். எலும்பைத் தேடி அழுத்த வேண்டியிருந்தால் அது குண்டு. கோடையில் ஏறிய கொழுப்பைக் குளிர்காலம் கரைக்க வேண்டும். போர்வை அதைத் தடுக்கிறது. வசந்தத்தில் புதுப்புல் முளைக்கும்போது அதே கொழுப்போடு மேயப் போனால் குளம்பு போகும். இதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

யாராவாசி (மெல்பர்ன், ஆஸ்திரேலியா)
நவம்பர் 9, இரவு 8.05

டெனியர் என்ற சொல்லே இல்லாத ஒரு துணியை மறந்துவிட்டீர்கள். பருத்திக் கான்வாஸ். என் பெண்குதிரை ஒரே கான்வாஸ் போர்வையில் ஒன்பது குளிர்காலம் நின்றாள். நனைந்தால் கனக்கும், உலர நாளாகும், வருடம் ஒருமுறை நீர்காப்பு மெழுகு தடவ வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கிழிந்தால் வீட்டு ஊசியாலேயே ஒட்டுப்போடலாம். செயற்கைத் துணியின் உட்பூச்சு உரிந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

இன்னொன்று. எங்கள் குளிர்காலத்தில் அதிகாலை 3 டிகிரி, மதியம் 17. காலையில் கழற்றாத போர்வைக்குள் நண்பகலில் குதிரை வேர்க்கும். போர்வைக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். கை ஈரமாக வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது அந்த வேளைக்குத் தவறான போர்வை.

தையல் மேசை
நவம்பர் 9, இரவு 9.30

கான்வாஸைப் பற்றி ஒப்புக்கொள்கிறேன், ஆனால் யார்க்‌ஷயர் மழையில் அது உலராது. நனைந்த கான்வாஸின் கனம் கழுத்தும் முதுகும் சேரும் அந்த மேட்டிலேயே உட்காரும். அங்கே அழுத்தம் தொடர்ந்தால் முதலில் முடி தேயும், பிறகு வெள்ளை முடி முளைக்கும், அதன்பின் புண். உங்கள் ஊருக்குச் சரி.

டேல்ஸ் அண்ணா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 6 அடியில் தோள் உரிந்ததற்குக் காரணம் நீளம் அல்ல, வெட்டு. தரோபிரெட் கலப்புக்கு நெஞ்சு குறுகல், மேடு உயரம். அகன்ற உடம்புக்கு வெட்டிய போர்வை அவனுக்கு முன்னால் தொளதொளத்து, அசையும்போதெல்லாம் தோளைத் தேய்த்திருக்கும். தோளில் கூடுதல் மடிப்பு வைத்துத் தைத்த போர்வை அதே நீளத்தில் கிடைக்கும். உயரத்தை வைத்து அளவு எடுக்கவே கூடாது. ஒரே 15.2 கை உயரத்தில் நீளமான குதிரையும் உண்டு, கட்டையான குதிரையும் உண்டு.

தையல்காரர் டேப்பை எடுங்கள். நெஞ்சின் நடுவில், கழுத்து முடியும் குழியில் தொடங்கி, தோளின் முன்முனையைத் தொட்டு, விலாவை ஒட்டித் தரைக்கு இணையாகக் கொண்டுபோய்ப் பின்தொடையின் கடைசி முனையில் நிறுத்துங்கள். இன்னொருவர் டேப்பின் முனையைப் பிடிக்கட்டும். குதிரை நான்கு காலும் சதுரமாக நிற்க வேண்டும். வரும் எண்ணைச் சொல்லுங்கள்.

நீலகிரி லாயம் (உதகமண்டலம்)
நவம்பர் 10, காலை 7.40

ஏரிப் பக்கம் சவாரிக்குப் போகும் மட்டக்குதிரைகள் எங்களுடையவை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் நாங்கள் போர்த்துவது கோணி. இரண்டு கோணியைப் பிரித்து, நடுவில் பழைய கம்பளி வைத்துத் தைப்போம். என் அப்பா குதிரை முதுகில் போட்டுப் பார்த்து, கரித்துண்டால் கோடு இழுத்து, அதன்படி வெட்டுவார். எந்தக் குதிரைக்குத் தைத்ததோ அதற்கு மட்டும்தான் போடுவோம். டெனியர் எனக்குப் புதிய சொல். ஆனால் கோணி அத்தனை சொரசொரப்பாக இருந்தும் எங்கள் குதிரைகளின் தோள் முடி உரிந்ததில்லை, ஏனென்றால் அது நழுவுவதில்லை. தையல் மேசை அம்மா சொல்வதை என் கை அறியும்.

குறை உண்டு. மழையில் கோணி தண்ணீரைக் குடித்துவிடும். ஆகவே லாயத்துக்குள் மட்டும்தான்.

டேல்ஸ் மேய்ச்சல்
நவம்பர் 10, மாலை 6.15

அளந்துவிட்டேன். 181 செ.மீ. இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் அதே எண்தான்.

6 அடி என்றால் 183 செ.மீ. 6 அடி 3 என்றால் 190க்கு மேல். ஆக நான் போர்த்தியிருந்தது கிட்டத்தட்ட அரைச் சாண் அதிகம். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவன் இரண்டு குளிர்காலம் அந்த இழுப்போடு நின்றிருக்கிறான். கையை அந்த மேட்டில் வைத்துப் பார்த்தேன். முடிக்கு நடுவே நாலைந்து வெள்ளை முடி இருக்கிறது. முன்பு இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் டெனியர் விஷயத்தில் நான் பின்வாங்கவில்லை. என் மேய்ச்சலின் ஓரத்தில் முட்புதர் வேலி. அவன் அதில் போய் உரசுவான். அளவு சரியாக இருந்தாலும் 600 டெனியர் அந்த முள்ளுக்கு முன் நிற்காது.

தையல் மேசை
நவம்பர் 10, இரவு 8.50

முள்வேலிக்குக் கெட்டித் துணி வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். நைலான் உராய்வைத் தாங்கும், பாலியஸ்டர் வெயிலைத் தாங்கும். உங்கள் ஊருக்கு நைலான். நான் சொன்னது வரிசையைப் பற்றி மட்டும்: முதலில் வெட்டும் அளவும், பிறகு தையல், கடைசியில் அந்த எண்.

வெள்ளை முடிக்கு இப்போது பயப்பட வேண்டாம். வீக்கமோ சூடோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். புதுப் போர்வை வந்ததும் வெளியே விடுவதற்கு முன், லாயத்துக்குள் வீட்டுப் போர்வையின் மேல் போட்டுப் பாருங்கள், அழுக்கானால் கடை திருப்பி எடுக்காது. கழுத்து விளிம்புக்குள் உள்ளங்கை தாராளமாகப் போய்வர வேண்டும், ஆனால் போர்வை பின்னால் சரியக் கூடாது. வாலடிவரை மூட வேண்டும், முழங்கைக்கும் வயிற்றுக்கும் கீழே இறங்க வேண்டும். வயிற்று வார்களுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கையகலம் போதும். அதற்கு மேல் தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும். தொடை வார்கள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து மாட்டுங்கள். கடைசியாக, தரையில் கேரட் போட்டு அவனைக் குனியவைத்து நெஞ்சுத் தையலைப் பாருங்கள். துணி விறைத்து நின்றால் திருப்பி அனுப்புங்கள்.

புல்வெளி
நவம்பர் 10, இரவு 9.05

ஷெட்லாந்தின் விலா என்ன சொல்கிறது?

டேல்ஸ் மேய்ச்சல்
நவம்பர் 10, இரவு 9.40

மகளும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். எலும்பு கையில் படவே இல்லை அக்கா. அவனுடைய போர்வையைக் கழற்றித் துவைக்கப் போட்டாயிற்று. இப்போது மழையில் நனைந்துகொண்டு வேலியோரம் புல் தேடிக்கொண்டிருக்கிறான். மகளுக்குத்தான் தூக்கம் வரவில்லை, டார்ச் எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்புகிறாள். மேல்முடி நனைந்திருக்கும், அதை விலக்கித் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

டேல்ஸ் மேய்ச்சல்
நவம்பர் 10, இரவு 10.05

தோல் காய்ந்து, சூடாக இருக்கிறதாம்.