சிங்க் தண்ணீர் குளியலறைத் தரையில் ஏறுகிறது: ஆசிட் ஊற்றலாமா?

முல்லைக்கொடி:
வணக்கம். சமையலறை சிங்க்கில் மூன்று வாரமாகவே தண்ணீர் மந்தமாகத்தான் இறங்கியது. இப்போது பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திறந்துவிட்டால், பக்கத்துக் குளியலறையின் தரைச் சல்லடை வழியாகக் களக் களக்கென்று குமிழி விட்டு அழுக்குத் தண்ணீர் மேலே வருகிறது. வடிய அரை மணி நேரம் ஆகிறது. வாஷ்பேசின் தண்ணீரும் அந்தத் தரைக்குழாயில்தான் சேர்கிறது. கழிப்பறையில் மட்டும் எந்தச் சிக்கலும் இல்லை.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பார்த்தேன், நுரைத்ததோடு சரி. நேற்று இரவு அடைப்பு நீக்கும் தூள் ஒரு பொட்டலம் முழுவதையும் போட்டேன். காலையில் சிங்க்கில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. இறங்குகிறது, ஆனால் மிக மெதுவாக. கழிப்பறை கழுவும் ஆசிட் கைவசம் இருக்கிறது. அதை ஊற்றலாமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய குழாய்க்காரர்:
ஊற்றாதீர்கள் அம்மா. முதலில் அந்த ஆசிட் பாட்டிலை எடுத்துக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வந்து மற்றதைப் படியுங்கள்.

நீங்கள் போட்டது பெரும்பாலும் காஸ்டிக் சோடாவாக இருக்கும். பொட்டலத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதன் மேல் ஆசிட் விழுந்தால் குழாய்க்குள்ளேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். ப்ளீச்சிங் பவுடரும் சேர்க்காதீர்கள். அதுவும் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். சிங்க்கில் போட்டதுதான் குளியலறைத் தரையில் ஏறி வருகிறது. ஆகவே அந்தத் தண்ணீரிலும் இப்போது காஸ்டிக் இருக்கும். குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள். யார் மேலாவது பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, கழுவியபடியே மருத்துவமனைக்குப் போக வழி பாருங்கள்.

வெண்தாழை:
வினிகர் புளிப்புதானே? அதைக் கொஞ்சம் ஊற்றினால் காரம் முறிந்துவிடாதா?

பழைய குழாய்க்காரர்:
முறியும்போது வெப்பம் கிளம்பும். உள்ளே எவ்வளவு தூள் கரையாமல் கட்டியாகக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதனால் வேண்டாம். சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து அடைப்பை எடுக்கும் என்பதையும் நான் நம்புவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கரியமில வாயு மேலே போய்விடுகிறது, மிச்சம் ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். அது எண்ணெய்ப் பிசுக்கை என்ன செய்யும்?

அம்மா, ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நிற்கும் தண்ணீர் தானாக இறங்கட்டும். இறங்கியபின் பச்சைத்தண்ணீர் ஒரு குவளை மெல்ல ஊற்றி, அதுவும் இறங்கியபின் இன்னொன்று என்று நாள் முழுக்க ஊற்றுங்கள். வெந்நீர் இப்போது கூடாது. காஸ்டிக் நீர்த்துப்போகும்வரை பம்ப் (கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம்) போடவோ, சிங்க்குக்குக் கீழே இருக்கும் வளைகுழாயான டிராப்பைக் கழற்றவோ வேண்டாம். ரசாயனத்தை முதலில் ஊற்றுவதில் எனக்கு இருக்கும் பெரிய கவலையே இதுதான்: அது அடைப்பை எடுக்காவிட்டால், அடுத்து கைவைக்க வேண்டியவருக்கு அந்தக் குழாயே ஆபத்தாகிவிடுகிறது.

முல்லைக்கொடி:
பொட்டலத்தில் நீங்கள் சொன்ன பெயர்தான் இருக்கிறது. நான் குளியலறையை நினைக்கவே இல்லை. கதவைப் பூட்டிவிட்டேன். மிகுந்த நன்றி ஐயா. தண்ணீர் ஊற்றத் தொடங்குகிறேன். அடைப்பு டிராப்பில்தான் இருக்குமா?

பழைய குழாய்க்காரர்:
இருக்காது. டிராப்பில் அடைப்பு என்றால் சிங்க் மட்டும் தேங்கும், குளியலறைக்கு ஒன்றும் ஆகாது. சிங்க் தண்ணீர் அங்கே போய் ஏறுகிறது என்றால், இரண்டு குழாயும் சேரும் இடம்வரை வழி திறந்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் அடைத்திருக்கிறது. கழிப்பறைக்குத் தனிக்குழாய் போலும், அதனால்தான் அது தப்பித்தது. அந்தக் குமிழியும் இதையே சொல்கிறது. முன்னால் போக வழியில்லாத காற்று தரைக்குழாய் வழியாகத் திரும்பி வருகிறது.

வீட்டுக்கு வெளியே சேம்பர், அதாவது கழிவுநீர்க் குழாய் வந்து சேரும் மூடி போட்ட குழி, இருக்கிறதா? இருந்தால், நாளை சிங்க்கில் தண்ணீர் விடும்போது ஒருவர் அதன் மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கட்டும். உள்ளே தண்ணீர் வராமல் காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே, நீங்களே எடுக்கலாம். சேம்பரே நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கும் அப்பால், அதைக் கருவிகளோடு வருபவர்களிடம் விட்டுவிடுங்கள். எதுவானாலும் உள்ளே குனியாதீர்கள், யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள், நெருப்பு கொண்டுபோகாதீர்கள். கழிவுநீர்க் குழிக்குள் இருக்கும் விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே போன செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்.

தச்சுப்பட்டறை:
தோட்டத்துக் குழாயைத் தரைச் சல்லடைக்குள் செருகி வேகமாகத் தண்ணீர் விட்டால் அடித்துக்கொண்டு போகாதா? எங்கள் வீட்டில் போனது.

பழைய குழாய்க்காரர்:
பாதி அடைப்பு என்றால் போகலாம். இங்கே இரண்டு வாய் திறந்திருக்கின்றன. உள்ளே விடும் தண்ணீர் முன்னால் போகாவிட்டால் சிங்க்கிலோ தரையிலோ பொங்கும், அதுவும் காஸ்டிக்கோடு. பம்ப் போடுவதற்கும் இது பொருந்தும். காஸ்டிக் போன பிறகு, மற்ற வாயை ஈரத்துணி வைத்து ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாஷ்பேசினின் வாயையும், நிரம்பினால் வழியும் அதன் மேல் துளையையும் சேர்த்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் எல்லாம் காற்றாகப் போய்விடும். பம்ப் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்தத் துணியை மறந்தவர்கள்.

இந்தத் தூரத்து அடைப்புக்கு ஸ்பிரிங் கம்பிதான் சரி. ஐந்து மீட்டராவது நீளம் வேண்டும். தடை வந்தால் குத்தாதீர்கள். ஒரே திசையில் சுழற்றிக்கொண்டே மெல்லத் தள்ளுங்கள். நுனி கவ்வியது கைக்குத் தெரியும். அப்போது சுழற்றியபடியே வெளியே இழுங்கள்.

முல்லைக்கொடி:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று முழுவதும் தண்ணீர் ஊற்றினேன். இன்று காலை சேம்பரைத் திறந்தோம். ஒரு சொட்டும் வரவில்லை! வெளிச்சுவர் ஓரம் குழாயில் ஒரு திருகு மூடி இருந்ததைக் கணவர் கண்டுபிடித்தார். அதற்கு அடியில் வாளி வைத்து மெதுவாகத் திறந்து, தேங்கியதை வடியவிட்டு, கம்பியை விட்டோம். மூன்று மீட்டர் போனதும் முட்டியது. கால் மணி நேரம் சுழற்றியபின் வந்தது: பாத்திரம் துடைக்கும் துணியின் ஒரு கிழிசல், அதைச் சுற்றி முடி, எல்லாவற்றையும் பூசி மெழுகியதுபோல மெழுகுவர்த்தி நிறத்தில் கெட்டியான கட்டி. உடைத்தால் தூளாகிறது. எண்ணெய் இப்படியா ஆகும்? நான் வெந்நீர் ஊற்றித்தானே எண்ணெயைக் கழுவிவிடுவேன்?

பழைய குழாய்க்காரர்:
அருமையாகச் செய்திருக்கிறீர்கள். எண்ணெய் உள்ளே பிரிந்து, தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து ஒரு வகைச் சோப்பாக இறுகிவிடும். கரையாத சோப்பு அது. வெந்நீர் எண்ணெயை உருக்கிக் கொண்டுபோனது உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று மீட்டர் போவதற்குள் ஆறிவிட்டது. அங்கே துணி சிக்கிக் கிடந்திருக்கிறது, அதன்மேல் படிந்துவிட்டது. வாணலியை முதலில் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதும் வேண்டாம், பிவிசி குழாய் அறுபது டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும்.

இப்போது சிங்க்கை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். நான்கைந்து முறை. சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை அந்த வேகம்தான் அலசும்.

முல்லைக்கொடி:
செய்தேன், சுழித்துக்கொண்டு இறங்குகிறது. சேம்பரில் தண்ணீர் விழும் சத்தம் இங்கே கேட்கிறது. ஆனால் குளியலறைச் சல்லடையில் இருந்து நாற்றம் வருகிறது. முன்பு இல்லை.

வெண்தாழை:
தரை டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் உறிஞ்சப்பட்டிருக்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குப் பூட்டு. இரண்டு குவளை ஊற்றிப் பாருங்கள் சகோதரி.

முல்லைக்கொடி:
ஊற்றினேன். பத்து நிமிடத்தில் நாற்றம் அடங்கிவிட்டது. தரையை இரண்டு முறை அலசிவிட்டு இப்போதுதான் குளியலறைப் பூட்டைத் திறந்தேன்.