ஊர்க் கண்மாய்களைப் பற்றி எழுதத் தனி வலைப்பூ தேவையா?

கண்மாய்க்கரை (திருமங்கலம்):
வணக்கம். எங்கள் பகுதிக் கண்மாய்களின் மடை (பாசனத்துக்கு நீர் திறக்கும் வாய்), கலுங்கு (மிகுநீர் வழியும் இடம்), அங்கங்கே காணப்படும் எழுத்துக் கற்கள் ஆகியவற்றைப் பற்றி நான்கு ஆண்டுகளாக முகநூலில் எழுதி வருகிறேன். பதிவிட்ட அன்று ஐம்பது, அறுபது பேர் விருப்பக்குறி இடுகிறார்கள். மறு மாதம் நானே தேடினாலும் அகப்படுவதில்லை. வலைப்பூ தொடங்கலாம் என்றால், அதை இப்போது யார் படிக்கிறார்கள் என்கிறார்கள் நண்பர்கள். ஆள் வராத இடத்தில் எழுதிப் பயன் உண்டா?

மேலூரான்:
உண்டு, ஐயா. 2009 முதல் வலைப்பூ எழுதுகிறேன். பல இடுகைகளுக்கு இன்றுவரை ஒரு பின்னூட்டம்கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மீனாட்சிபுரத்திலிருந்து மாங்குளம் மலைக்கு ஏறும் வழியையும் அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் பற்றி 2012இல் எழுதியதை, ஏழு ஆண்டுகள் கழித்துத் தேடுபொறி வழியாகக் கண்ட ஓர் ஆய்வு மாணவர், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டின் இடத்தை நான் மாற்றிக் குறித்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். அதே பக்கத்தில் தேதியுடன் திருத்தினேன்.

அதைவிடப் பெரிய பயன் எழுதுபவருக்கே. முகநூலில் 'நம்ம ஊர்க் கலுங்கு' என்றால் நண்பர்களுக்குப் புரிந்துவிடும். என்றோ வரப்போகும் முகமறியாதவருக்கு எழுதும்போது எந்த ஊர், எந்த ஓடையின் நீர், எத்தனை மடை என்று கேட்டு அறிந்தாக வேண்டும். எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவற்றில் பாதி தெரியாது என்பது அப்படித்தான் விளங்கியது.

கூடல்வாசி:
மேலூரார் சொல்வது சரியே. ஆனால் வலைப்பூ என்றால் நமக்கே சொந்தம் என்று எண்ணிவிட வேண்டாம். முகநூல் போன்ற சமூக வலைத்தளங்களான ஆர்குட் 2014இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019இல். வலைப்பூ எழுத இடம் தரும் பிளாக்கரும் 2003 முதல் கூகுளின் கையில்தான் இருக்கிறது. ஆகவே அதன் அமைப்புகள் (settings) பக்கத்துக்குள் சென்று இடுகைகளை அவ்வப்போது தரவிறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் படங்கள் சேராது, அவற்றைத் தனியே வைக்க வேண்டும். வலைப்பூவுக்குத் தனி இணைய முகவரி வாங்கினால் ஆண்டுக் கட்டணத்தை மறக்காதீர்கள். நான் மறந்தேன், அந்த முகவரியில் இப்போது யாரோ எதையோ விற்கிறார்கள்.

கண்மாய்க்கரை:
இருவருக்கும் நன்றி. முதல் இடுகைக்காகப் பழைய முகநூல் பதிவொன்றைத் தேடி எடுத்தேன். படம் நன்றாக இருக்கிறது. கண்மாயின் பெயரைத்தான் எங்கும் எழுதவில்லை. ஞாயிறன்று அளவு நாடாவுடன் மறுபடி போகிறேன்.