‘குறுவேர் உள்வைப்பு’: கீழ்த்தாடை இம்பிளாண்டுக்கு ஒரு பரிந்துரை

> கீழ்த்தாடையில் வைக்கும் நீளம் குறைந்த இம்பிளாண்டுக்குக் ‘குட்டைப் பல் உள்வைப்பு’ என்று போடலாமா?

வணக்கம் ஐயா,

இம்பிளாண்டுக்கு, அதாவது போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிப்பதற்கு, ‘உள்வைப்பு’ இருக்கட்டும், ஏற்கெனவே புழங்குகிற சொல்தான். ‘குட்டைப் பல்’ மட்டும் வேண்டாம். படிப்பவர் பல்லே குட்டையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வார். நடப்பதோ நேர்மாறு. கடைவாய்ப்பல் போய் நாளானால் அந்த இடத்து எலும்பு கரைந்து தாழ்ந்துவிடும். எதிர்ப்பல்லை எட்ட வேண்டுமே, அதனால் மேலே பொருத்தும் பல்லுறை வழக்கத்தைவிட உயரமாகத்தான் அமையும். நீளம் குறைவது எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் திருகுக்கு; அது செய்வது வேரின் வேலை. ஆகவே ‘குறுவேர் உள்வைப்பு’ என்கிறேன்.

எவ்வளவு இருந்தால் ‘குறு’ என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிடுவோம். முன்பு 10 மி.மீ.க்குக் குறைந்தாலே ‘ஷார்ட்’ என்றார்கள். இப்போது பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது அதற்குக் கீழே. கீழ்த்தாடையில் இந்த ஓரிரு மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அங்கே எலும்புக்குள்ளேயே ஒரு குழாயில் ஓடுகிறது. அதில் இடித்தால் உதடு மரத்துப்போகும். திருகின் நுனிக்கும் குழாய்க்கும் நடுவே 2 மி.மீ. விடுவது வழக்கம். குழாய்க்கு மேல் 9 மி.மீ. எலும்புதான் மிச்சம் என்றால் 10 மி.மீ. திருகுக்கு வழியே இல்லை. தாழ்ந்த இடத்தை உயர்த்த எலும்பு ஒட்டு வைத்து, அது பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 6 மி.மீ. குறுவேர்.

அப்புறம், கலைச்சொல் பட்டியலில் உள்ள ‘மருத்துவச் செயல்திறன்’. அதற்குள் இரண்டு பொருள் கலந்து கிடக்கிறது. திருகு கழலாமல் வாயில் இருந்தால் அது ‘நிலைப்பு’. ஆடாமல், வலியும் சீழும் இல்லாமல், சுற்றியுள்ள எலும்பு அதிகம் தேயாமல் இருந்தால்தான் ‘வெற்றி’. சில ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒட்டு வைத்த எலும்பில் நிற்கும் நீள உள்வைப்புகளுக்குக் குறுவேரின் நிலைப்பு ஏறக்குறைய ஈடாகவே இருக்கிறது. அறுவைச் சிக்கல்களும் குறைவு. ஆனால் 6 மி.மீ. வேரைச் சுற்றி 2 மி.மீ. எலும்பு தேய்ந்தால் பிடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிலைப்பு என்று கணக்கில் ஏறும் இத்தகைய ஒன்றை வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே போட வேண்டும்.

‘குறுவேர்’ சரி என்றால், பல்லுறை உயரத்துக்கும் திருகின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை ‘உறை-வேர் விகிதம்’ என்று சொல்லிவிடலாம்.