எஞ்சினைக் கையால் சுற்றும் டூல் இரவல் வேண்டும் – ரங்கூன்

அண்ணன்மார் யாரிடமாவது கம்மின்ஸ் 6பிடி எஞ்சினுக்கான சுற்று டூல் இருக்கா? ஃப்ளைவீல் ஹவுசிங் ஓட்டை வழியா ரிங் கியரில் (ஃப்ளைவீலைச் சுத்தி இருக்கிற பல் வளையம்) பல்லு மாட்டுமே, அரை இஞ்ச் ராட்செட் போடுறது, அதுதான். வண்டி டோங்ஃபெங் லாரி, வேலை வால்வு இடைவெளி (கேப்) சரிபண்றது: ஆறின எஞ்சினில் இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ.

இப்போதைக்கு ஆல்டர்னேட்டர் நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றுறோம். பேட்டரி நெகட்டிவ் கழற்றியாச்சு, கியர் நியூட்ரல், டைமிங் பின்னும் (எஞ்சினைச் சுத்தாம பூட்டி நிறுத்துற ஊசி) வெளியேதான் இருக்கு. ஒண்ணாம் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) தாண்டி, அடுத்த 120 டிகிரி நெருங்கும்போது எஞ்சின் நின்னுடுது, பெல்ட் வழுக்குது. வெறும் கம்ப்ரஷனா இருந்தா கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா காத்து கசிஞ்சு இளகணும், இது இளகல. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-3-6-2-4, அதனால ஐந்தாவதில், காத்து மாதிரி அமுங்காத தண்ணியோ டீசலோ நிக்குதோன்னு சந்தேகம்.

ஸ்டார்ட்டர் அடிச்சுப் பாருங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். ஐந்தாவது இன்ஜெக்டரை (டீசல் பீச்சுறது) முதலில் கழற்றலாம்னு இருக்கோம். டூலைக் கொடுத்தா வேலை முடிஞ்சதும் கையோட திருப்பிடுவோம். இன்ஜெக்டருக்கு அடியில் போடும் செம்பு வாஷர் ஆறு, ரங்கூனில் எந்தக் கடையில் நல்லதா கிடைக்கும்?