முதலாண்டுப் பாடத் தேர்வு: ஆலோசகர் முன் உட்கார்ந்த அந்த நேரம்

மெரிபேங்க் கடலோடி

பாடம் பதியும் வாரத்தில் கல்லூரி ஆலோசகர் அறை எப்படி இருக்கும் என்று இங்கே தென்னாப்பிரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். வரிசை படிக்கட்டு வரை நிற்கும். உள்ளே போனால் தாளைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார், அடுத்தவரைக் கூப்பிடுவார். எனக்கும் அப்படித்தான் முடியும் என்று நினைத்துப் போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

கப்பல் செலுத்தக் கற்றுத்தரும் நாட்டிகல் பிரிவு, முதலாண்டு. பாடத்திட்டத் தாளில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கட்டம். எல்லாவற்றுக்கும் கீழே "கடல் சேவை" என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவர் கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை, இயற்பியலைப் பற்றியும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்து அந்தக் காலிக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "இதை யார் நிரப்புவது?" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இதற்கு மேலே உள்ளதெல்லாம் எங்கள் வேலை. இதற்கு ஒரு கப்பல் வேண்டும். உங்கள் வீட்டில் கடலுக்குப் போனவர் யாராவது உண்டா?" இல்லை என்றேன். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கப்பல் எனக்குக் கிடைத்தது, மிகவும் தாமதமாக. என்னோடு தேர்வு எழுதியவர்களில் பலருக்குக் கிடைக்கவே இல்லை. எல்லாப் பாடத்திலும் தேறி, கப்பலில் பயிற்சி பெறும் கேடட் இடம் கிடைக்காமல், இன்று டர்பன் துறைமுகத்து மேடன் வார்ஃப் கிடங்குகளில் சரக்கு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆள் என்னை எச்சரித்தாரா, கைகழுவினாரா? இன்று வரை எனக்கு விளங்கவில்லை. உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

சாட்ஸ்வொர்த் அம்மா

தம்பி, உங்களிடமாவது ஏதோ ஒரு கேள்வி கேட்டார்கள். என் மகனிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரி ஆக வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. பன்னிரண்டாம் வகுப்பு மெட்ரிக்கில் நல்ல மதிப்பெண். நானும் கூடப் போயிருந்தேன். ஆலோசகர் மதிப்பெண்ணைப் பார்த்தார், புன்னகைத்தார், நாட்டிகல் பாடங்கள் எல்லாவற்றுக்கும் குறியிட்டார். கட்டணம் கட்டினோம். வெள்ளைச் சட்டையும் தோள்பட்டைப் பட்டையும் வாங்கினோம். முதல் பருவம் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

நிறப் பார்வையைச் சோதிக்கும், வண்ணப் புள்ளிகள் நிறைந்த அந்தப் புத்தகத்தை டாக்டர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் எனக்கு 74 என்று பளிச்சென்று தெரிந்தது. மகன் கொஞ்சமும் தயங்காமல் "21" என்றான். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவனோ அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தான். அந்த முகம்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தவறாகச் சொல்லிவிட்டோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று விளக்கை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் டெக் கிடையாது. விதி சரிதான், விதியோடு எனக்குச் சண்டை இல்லை. பாடத்துக்குக் குறியிடுவதற்கு முன் "கண்ணைப் பரிசோதித்தாயா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு கேள்விதான் என் வழக்கு.

தென்முனை

கடலோடி அண்ணாவோடு நான் உடன்படவில்லை. அந்த ஆலோசகர் சரியான இடத்தில்தான் வட்டம் போட்டார். உலகம் முழுவதும் மாலுமிகளின் சான்றிதழ்களை ஆளும் எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை 1978-இல் வந்தது, 2010-இல் மணிலாவில் திருத்தப்பட்டது. அதன்படி கப்பலில் முறைக்காவல் பார்க்கும் டெக் அதிகாரி ஆக வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்துக்குள் பயிற்சிப் பதிவேட்டோடு குறைந்தது 12 மாதக் கடல் சேவை வேண்டும். அப்படியொரு திட்டம் இல்லையென்றால் 36 மாதம். வகுப்பறைப் பாடம் எத்தனை எடுத்தாலும் இதற்கு ஈடாகாது. முதல் நாளே இதைச் சொன்னவரைக் கைகழுவியவர் என்பதா?

நான் கடற்படைக்காரன். சல்டான்யாவில் இராணுவ அகாதமியில் படித்தேன். 1950-இல் பிரிட்டோரியாவில் தொடங்கிப் பிறகு மேற்குக் கரையிலுள்ள சல்டான்யாவுக்குப் போன அகாதமி அது. பட்டம் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் இராணுவ அறிவியல் துறையிலிருந்து வருகிறது. தரைப்படை, விமானப்படை, மருத்துவப் பிரிவு எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருவோம். டர்பன் வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்தக் கரையின் காற்று புதிது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிய காலம் அது.

முதலாண்டில் கணக்கு வழியான தொழில்நுட்பப் பாடங்களோடு இன்னும் ஒரு பாடம் சேர்த்து எடுக்கிறேன் என்று பிடிவாதமாக நின்றேன். ஆலோசகர் ஓர் அம்மையார், சீருடையில் இருந்தார். மறுக்கவில்லை. வாரக் கால அட்டவணை ஒன்றைக் கொடுத்து, "அணிவகுப்பு, அறைச் சோதனை, விளையாட்டு, இரவுக் காவல், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் கறுப்பாக்கு" என்றார். நான் கறுப்பாக்கிக்கொண்டே போனேன். அவர் பக்கத்தில் கணக்குப் போட்டார். நம் நாட்டில் பாடச் சுமையை அளக்கும் கிரெடிட் ஒன்றுக்கு 10 மணி நேர உழைப்பு, ஓர் ஆண்டுக்கு 120 கிரெடிட், ஆக 1200 மணி. படிப்பு வாரங்கள் 30 என்று வைத்தாலும் வாரத்துக்கு 40 மணி நேரம். பிறகு என் தாளில் மிச்சமிருந்த வெள்ளைக் கட்டங்களை விரலால் எண்ணினார். கூடுதல் பாடத்துக்கு என்ன, இருக்கிற பாடத்துக்கே அந்த வெள்ளை போதவில்லை. "எதை விடுகிறாய், தூக்கத்தையா?" என்றார். அந்தப் பாடத்தை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளினேன்.

என் கூடப் படித்த ஒருவன் அந்த வெள்ளைக் கட்டங்களை எண்ணாமல் எல்லாவற்றையும் எடுத்தான். ஆண்டு முடிவில் அவன் பெயர் மறுபடியும் முதலாண்டுப் பட்டியலில் இருந்தது. ஆகவே முதலாண்டில் குறைவாக எடுங்கள், எடுத்ததை ஆழமாகப் படியுங்கள்.

மெரிபேங்க் கடலோடி

தென்முனை தம்பி, உங்களுக்குக் கப்பலை அரசு கொடுத்தது. சீருடை, சம்பளம், சாப்பாடு எல்லாம் கொடுத்தது. பட்டம் முடித்ததும் சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தில் உங்களுக்கு இடம் காத்திருந்தது. வணிகக் கப்பலுக்குப் படிக்கிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? 12 மாதம் என்ற விதி எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த 12 மாதம் கிடைக்கும் கதவு எங்கே என்று சொல்வதும் ஆலோசனைதான். பயிற்சித் திட்டம் நடத்தும் நிறுவனங்களின் பட்டியல் ஒன்று அவர் மேசை இழுப்பறையில் இருந்திருக்க வேண்டும். வட்டம் போட்டவர் அதையும் எடுத்துக் கொடுத்திருக்கலாம் அல்லவா?

குறைவாக எடுங்கள் என்பதையும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். கடற்படைக்கு வெளியே உள்ள கல்லூரியில் ஒரு பருவம் நீண்டால் இன்னொரு பருவக் கட்டணம், இன்னொரு பருவ வாடகை. அதை யார் கட்டுவது?

பீனிக்ஸ் ஆசிரியர்

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன் நான். என் அனுபவம் சிறியது. என்னிடம் படித்த ஒரு பெண் மெட்ரிக் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தாள். இனிப்புப் பெட்டி வேறு கொண்டுவந்திருந்தாள். கடல்சார் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்ப உதவி கேட்டாள். சான்றிதழில் அருமையான மதிப்பெண், ஆனால் அது அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்தமேட்டிக்கல் லிட்டரசி. விண்ணப்பத்தில் கேட்டது கணக்கு. பத்தாம் வகுப்பில் யாரோ, "இதற்கு மாறினால் மதிப்பெண் கூடும்" என்று அவளை மாற்றியிருக்கிறார்கள். நான் அந்த வரியை விரலால் காட்டினேன். அவள் இனிப்புப் பெட்டியை மூடிவிட்டு, "அப்போதே யாரும் சொல்லவில்லையே சார்" என்றாள்.

ஆகவே பெற்றோருக்குச் சில வார்த்தைகள். முதலாண்டு ஆலோசகரைத் திட்டுகிறோம். உண்மையான ஆலோசனை பத்தாம் வகுப்பிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அங்கே கணக்கா, லிட்டரசியா என்று பிள்ளை தேர்வு செய்யும் நாளில் நீங்கள் பள்ளிக்குப் போக வேண்டும். வேலையை விட்டுவிட்டாவது போங்கள். கடலுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குக் கணக்கும் இயற்பியல் அறிவியலும் இரண்டும் வேண்டும். எதற்கு என்று பிள்ளைக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டும். வானியல் வழி காணும் பாடம் முழுவதும் கோள முக்கோணவியல்தான். பூமி உருண்டை என்பதால் கப்பலின் பாதை நேர்க்கோட்டில் அமையாது. தட்டையான தாளில் படித்த சைன், கோசைனை உருண்டையின் மேல் போட வேண்டும். கப்பல் நிலைத்தன்மைப் பாடத்தில் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது, அது மெட்டாசென்டர் எனும் சாய்வு மையத்துக்கு மேலே போனால் கப்பல் ஏன் நிமிராது என்று கணக்கிட வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் முக்கோணவியலைக் கடமைக்குப் படித்த பிள்ளை முதலாண்டில் இங்கேதான் தடுக்கி விழுகிறது. சேர்ந்த பின் டியூஷன் தேடுவதைவிட, மெட்ரிக் முடிந்து கல்லூரி திறக்கும் வரையுள்ள விடுமுறையில் முக்கோணவியலை மட்டும் மறுபடி ஒருமுறை முழுவதாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ஆலோசகரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். முன்தேவைப் பாடங்களை அம்புக்குறி போட்டு ஒரு தாளில் வரைந்துகொண்டு போங்கள். எந்தப் பாடத்தில் தவறினால் எது அடைபடும் என்பதைக் கேளுங்கள். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். அதில் தவறினால் ஒரு பாடத்துக்காக ஓர் ஆண்டு போகும். பாடம் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த் அம்மா சொன்னதுபோல் கண் பரிசோதனையை விண்ணப்பத்துக்கு முன்பே முடியுங்கள். எஞ்சின் பிரிவுக்கு நிறப் பார்வை விதி டெக்கைவிடச் சற்றுத் தளர்வானது. டெக் கிடைக்காத பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். கேடட் நிதியுதவிக்குப் போக்குவரத்துத் துறைப் பயிற்சி ஆணையமான டீட்டாவின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். கேப்டவுன் பக்கம் உறவினர் இருந்தால் சைமன்ஸ் டவுனில் உள்ள லாஹில் கடல்சார் மையம் பள்ளிப் பருவத்திலேயே இந்தப் பாடங்களைக் கற்றுத் தருகிறது. பிள்ளையை விட்டுப் பிரிய வேண்டுமே என்று தயங்காதீர்கள்.

டோங்காட் மகள்

ஆசிரியர் ஐயா, அறிவுரை எல்லாம் நன்று. ஆனால் எல்லாருக்கும் தேர்வு செய்யும் உரிமை இருந்தது போல எழுதுகிறீர்கள். என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் குடியிருப்புகளில் இந்தியருக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள். அப்பா சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தார். துறைமுகத்தில் படகேறித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். நம் முன்னோரை மதராஸிலிருந்து ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் வந்து நின்றதும் இதே துறைமுகம்தான். அந்தப் படகில் தினமும் போய்வந்தவருக்குக் கப்பல் மீது மோகம் பிடிக்காமல் இருக்குமா?

பாடம் பதியும் நாளில் அப்பா தன் ஆசிரியர் ஒருவரிடம், கப்பல் அதிகாரி ஆக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பல் இழுவைப் படகோடு உள்ளே வந்துகொண்டிருந்ததாம். அந்த ஆசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கேப்பில் ஜெனரல் போத்தா பயிற்சிப் பள்ளி இருக்கிறது, 1922 முதல் அதிகாரிகளை உருவாக்குகிறது, வெள்ளையர் பிள்ளைகளை மட்டும்தான் சேர்க்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு அப்பாவின் தாளில் வரலாறு என்று இருந்ததை அடித்துவிட்டுக் கணக்கு என்று எழுதினார். "அங்கே அவர்கள் படிக்கும் கணக்கில் ஒரு வரி குறையாமல் நீயும் படி" என்றார்.

அப்பா கடலுக்குப் போகவில்லை, கணக்கு ஆசிரியர் ஆனார். பின்னாளில் அதே தீவில் இந்திய இளைஞர்களுக்கென ஜல்சேனா என்ற கடற்படைப் பயிற்சித் தளம் வந்தது. அப்போது அவருக்குக் குடும்பம் ஆகிவிட்டது. அந்த ஆசிரியர் கதவைச் சாத்தியது ஏன் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். பயந்தா, அப்பா அழுவதை வெளியே நின்றவர்கள் பார்க்கக் கூடாது என்றா?

கடலோடி அண்ணா, உங்கள் ஆலோசகரை நான் மன்னிக்க மாட்டேன். எல்லாக் கதவும் நிறவெறிச் சட்டத்தால் அடைபட்டிருந்த காலத்தில் ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினார். கதவு திறந்திருக்கும் காலத்தில் வட்டம் மட்டும் போட்டு அனுப்பினால் போதாது.

தென்முனை

டோங்காட் அக்கா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். பட்டியல் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பாடச் சுமை பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. கட்டணத்துக்குப் பயந்து எல்லாப் பாடத்தையும் எடுத்து, பாதியில் தவறினால் இரட்டைக் கட்டணம்.

அடுத்த ஆண்டு கேடட்

நான் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கும் இயற்பியலும் இருக்கிறது. சாட்ஸ்வொர்த் ஆன்ட்டி, கண் பரிசோதனையைக் கடைத்தெருவில் உள்ள கண்ணாடிக் கடையில் செய்துகொண்டால் போதுமா? உங்கள் மகன் இப்போது என்ன செய்கிறார்?

சாட்ஸ்வொர்த் அம்மா

போதாதம்மா. உன் கண்ணின் நிலை தெரிந்துகொள்ள வேண்டுமானால் கண்ணாடிக் கடையிலேயே அந்தப் புள்ளிப் புத்தகத்தை வைத்துப் பார்க்கச் சொல், அது முதல் படி. ஆனால் சான்றிதழ் என்று வரும்போது, கடல் பாதுகாப்பு ஆணையமான சம்சா நியமித்த மருத்துவர் கொடுத்தால்தான் செல்லும். அந்த மருத்துவர்களின் பட்டியலைச் சம்சாவிடம் கேட்டு வாங்கு. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே போய்விடு. என் மகன் அதே கல்லூரியில் கப்பல் சரக்கு மேலாண்மைக்கு மாறினான். படித்த கணக்குக்குக் கிரெடிட் கொடுத்தார்கள், மற்றப் பாடங்களுக்குக் கொடுக்கவில்லை. நீ எதற்கும் மாறும் நிலை வந்தால் எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு மாறு.