கியர் பேதம் இல்லாத கேமுக்கு மாறியும் பிவிபியில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன், எங்கே தப்பு?

மழைக்காக்கை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஐந்து வருடமாக ஒரே ஆன்லைன் ரோல்பிளேயிங் கேமில்தான் இருந்தேன். பெயர் வேண்டாம். அதில் பிவிபி, அதாவது ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் சண்டை என்றால் முதலில் கியர் (ஆயுதம், கவசம்), அப்புறம்தான் கை. கடைசியாக ஆடிய சண்டை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எதிராளியை மூன்று முறை மல்லாக்கத் தள்ளினேன். என்னிடம் இருந்த பெரிய ஸ்கில் எல்லாம் அவன் மேல் விழுந்தது. அவன் ரத்தம் கால்வாசிகூட இறங்கவில்லை. திருப்பி இரண்டே அடி அடித்தான், நான் தரையில் கிடந்தேன். பிறகு பார்த்தால் அவன் வாள் என்னுடையதைவிட இரண்டு படி கூடுதலாக ஏற்றியது. அந்த இரண்டு படி ஏற எனக்கு நான்கு மாதம் ஆகும். அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன்.

பிவிபிக்காக மட்டுமே புது கேம் தேடி, கில்ட் வார்ஸ் 2-க்கு வந்தேன். 2012-இல் வந்த கேம்தான். ஆனால் அரங்கச் சண்டைக்குள் போனதும் எல்லோரும் லெவல் 80, எல்லோருக்கும் சம பலம். பலம் கூட்டும் அமுலெட், ரூன், சிகில் எல்லாம் பட்டியலில் இருந்து எடுத்துக்கொண்டால் போதும், எதற்கும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டாம். இதைத்தான் இத்தனை நாள் தேடினேன் என்று சந்தோஷமாக வந்தேன்.

ரேங்க் 20 ஆனதும் தரவரிசைக்கான ரேங்க்டு மேட்சுக்குப் போனேன். இதுவரை 41 மேட்ச், ஜெயித்தது 9. பழைய கேமைப் போலவே இங்கேயும் வாரியர் என்ற போர்வீரன் கிளாஸ்தான் ஆடுகிறேன். ஒருவனோடு ஒருவன் மோதினாலே, பாதி ஸ்கில் மிச்சம் இருக்கும்போதே விழுந்துவிடுகிறேன். அடி படாமல் உருண்டு விலகும் டாட்ஜ் கீயை அழுத்துகிறேன், ஆள் உருள மாட்டேன் என்கிறான். லேப்டாப், வைஃபை இணைப்பு. பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) பிரச்சினையா? வாரியர் எடுத்தது தப்பா? இல்லை கேமே எனக்கு ஒத்துவரவில்லையா? ஆல்பியன், பிளாக் டெசர்ட் மாதிரி வேறு கேம் பக்கம் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. கியர் என்ற சாக்கு இல்லாமல் தோற்பது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கரும்பாறை:

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் நண்பா. டாட்ஜ் உருளவில்லை என்றால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, நீங்கள் அழுத்தியது சர்வருக்குத் தாமதமாகப் போகிறது. இன்னொன்று, அழுத்தும் நேரத்தில் டாட்ஜுக்குச் செலவாகும் எண்டியூரன்ஸே மிச்சமில்லை. வெளியில் இருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மருந்து வேறு வேறு.

திரையின் கீழே ரத்தம் காட்டும் சிவப்பு உருண்டைக்கு மேலே வளைந்து ஒரு கோடு இருக்கிறதே, அதுதான் எண்டியூரன்ஸ். மொத்தம் 100. ஒரு டாட்ஜுக்கு 50 போகும். நொடிக்கு 5 வீதம் திரும்ப ஏறும். அதாவது ஒரு டாட்ஜ் திரும்பக் கிடைக்க 10 நொடி. இரண்டையும் செலவழித்துவிட்டால் அந்தப் 10 நொடியும் நீங்கள் வெறுமனே ஓடுகிற ஆள்தான்.

இன்றைக்கு ஆடும் மேட்சை ரெக்கார்டு செய்யுங்கள். சாகும் இடத்தில் நிறுத்தி, அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள். அதுவரை கிளாஸையும் மாற்ற வேண்டாம், கேமையும் மாற்ற வேண்டாம்.

ஏழாம்நிலா:

வாரியரை விட்டுவிட்டு நெக்ரோமான்சர் எடுத்துப் பாருங்கள். அந்தக் கிளாஸின் ஷ்ரவுடு என்ற நிழல் வடிவத்துக்குள் போனால் இரண்டாவதாக ஒரு ரத்தக் கோடு கிடைத்த மாதிரி. தப்புப் பண்ணினாலும் கொஞ்சம் தாங்கும். நான் வேறு கேமிலிருந்து வந்தபோது அப்படித்தான் பிழைத்தேன்.

கரும்பாறை:

தாங்கும் என்பது சரிதான். ஆனால் அவர் டாட்ஜ் ஏன் உருளவில்லை என்பதற்கு அது பதில் இல்லையே. எதிரிக்கு முன்னால் உருண்டு தப்ப முடியாத ஆள் நெக்ரோ எடுத்தால், எதிரணி மூன்று பேர் சேர்ந்து முதலில் அவரைத்தான் போடுவார்கள். நெக்ரோவுக்கு ஓடி விலகும் வசதி குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். காரணம் தெரிந்த பிறகு மாற்றலாம்.

செந்தூவி:

கேம் மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் நான் சொல்கிறேன். இவற்றில் பலவற்றை ஆடிவிட்டுத்தான் சொல்கிறேன்.

நீங்கள் பழைய கேமை விட்டதற்குக் காரணம் கியர் இடைவெளி. அப்படியிருக்க, பிளாக் டெசர்ட்டின் திறந்தவெளிச் சண்டைக்குப் போனால் விட்டு வந்த இடத்துக்கே திரும்பப் போகிறீர்கள். அங்கே ஆயுதத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், ஏற்றும்போது தோற்றும் போகலாம். அதன் சண்டை அசைவுகள் அற்புதம், அதை மறுக்கவே மாட்டேன். எல்லோருக்கும் சம கியர் கொடுக்கும் சோலாரே அரங்கம் என்று மூவருக்கு மூவர் சண்டையும் அதில் உண்டு. ஆனால் கேமின் உயிர் அதில் இல்லை, வெளியே இருக்கிறது.

ஆல்பியன் வேறு மாதிரி. 2017-இல் வந்தது, 2021-இல் மொபைலுக்கும் வந்துவிட்டது. கிளாஸே கிடையாது. கையில் எந்த ஆயுதமோ, தலையிலும் மார்பிலும் காலிலும் என்ன போட்டிருக்கிறீர்களோ, அதுதான் உங்கள் ஸ்கில். யாரும் யாரையும் தாக்கக்கூடிய கறுப்பு மண்டலத்தில் செத்தால் போட்டிருந்தது, பையில் இருந்தது எல்லாம் போச்சு. கொஞ்சம் அழிந்துபோகும், மிச்சத்தைக் கொன்றவன் அள்ளிக்கொண்டு போவான். முதல் முறை அப்படி இழந்தபோது என் கை நடுங்கியது. அந்த நடுக்கம்தான் அந்த கேமின் ருசி. அது பிடித்தால் வேறெதுவும் பிடிக்காது. ஆனால் தோல்வி இப்போதே மனசைக் கஷ்டப்படுத்துகிறது என்று சொல்லும் நேரத்தில் அங்கே போகாதீர்கள். இங்கே மேட்ச் தோற்றால் அடுத்த மேட்ச் அவ்வளவுதான். அங்கே திரும்பச் சம்பாதித்துவிட்டுத்தான் அடுத்த சண்டை.

ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் 2022-இல் கிரிஸ்டலைன் கான்ஃப்ளிக்ட் என்று ஐவருக்கு ஐவர் சண்டை வந்தது. பிவிபிக்கென்று தனி ஸ்கில் தொகுப்பு, கியர் கணக்கில் வராது, மேட்ச் சட்டென்று முடிந்துவிடும். வேலை முடிந்து வந்து இரண்டு மேட்ச் ஆடிவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு அருமையாக இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் அரீனா 2007 முதல் இருக்கிறது, ஆழம் அதிகம். 2022-இல் வந்த சோலோ ஷஃபிளில் அணி இல்லாமல் தனியாகவே வரிசையில் நிற்கலாம். ஆறு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டாளி மாறுவார். ஆனால் அங்கேயும் பிவிபி கியர் என்று ஒன்று சேர்க்க வேண்டும்.

ஆக, நீங்கள் கேட்ட பொருள் இப்போது இருக்கும் கடையிலேயே இருக்கிறது. கரும்பாறை சொன்னதைச் செய்து பாருங்கள்.

மழைக்காக்கை:

செந்தூவி அக்கா, ரொம்ப நன்றி. அந்த நடுக்கம் எனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கரும்பாறை அண்ணா, நேற்று மூன்று மேட்ச் ரெக்கார்டு செய்து பார்த்தேன். ஆச்சரியமாக இருக்கிறது. நான் சாகும்போது மட்டும் இல்லை, சண்டை தொடங்கும்போதே அந்தக் கோடு பாதிதான் இருக்கிறது. ஒரு இடத்தில் முழுக்கக் காலி. எதிரி இன்னும் ஒரு அடிகூட அடிக்கவில்லை. நான் டாட்ஜ் கீயைத் தொடவே இல்லை, சத்தியமாக. வீடியோவில் மட்டும் என் ஆள் பிடிக்க வேண்டிய வட்டத்துக்குள் நுழையும்போது பக்கவாட்டில் ஒரு முறை உருள்கிறான். எப்படி?

கரும்பாறை:

பிடித்துவிட்டோம். பழைய கேமில் எதிரியை நெருங்கும்போது இடம் வலம், இடம் வலம் என்று ஆடிக்கொண்டே போவீர்களா?

மழைக்காக்கை:

ஆமாம் அண்ணா. அங்கே எல்லோருமே அப்படித்தான் போவோம். கை தானாகச் செய்யும்.

கரும்பாறை:

அதுதான் விஷயம். ஒரு திசை கீயை வேகமாக இருமுறை தட்டினாலும் டாட்ஜ் ஆகிற மாதிரி இதில் ஒரு செட்டிங் இருக்கிறது. உங்கள் கை பழைய பழக்கத்தில் தட்டிக்கொண்டே போகிறது, கேம் அதை டாட்ஜ் என்று எடுத்துக்கொள்கிறது. எதிரி முன்னால் போய் நிற்பதற்குள் இரண்டு டாட்ஜில் ஒன்று போய்விடுகிறது.

ஆப்ஷன்ஸில் இருமுறை தட்டி விலகும் அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள். டாட்ஜுக்கு ஒரே கீ, அதுவும் விரலை நகர்த்தாமல் தொடக்கூடிய கீ. நான் மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானில் வைத்திருக்கிறேன், கட்டைவிரல் எப்போதும் அதன் மேலேயே இருக்கும்.

வைஃபையையும் விட்டுவிட வேண்டாம். கேபிள் போட முடிந்தால் போடுங்கள். பிங் 90-லேயே நிலையாக நின்றால் கை பழகிக்கொள்ளும், 60-க்கும் 200-க்கும் தாவினால் எந்தக் கையாலும் பழக முடியாது. அமெரிக்கா, ஐரோப்பா என்று இரண்டு பகுதி சர்வர் இருக்கிறது. எது உங்களுக்கு நிலையாக வருகிறதோ அதில் இருங்கள். அப்புறம் போட்டிக்கான தேர்வுகளில் எதிரிகளைப் பொது உருவத்தில் காட்டும் வசதி உண்டு, அதை இயக்குங்கள். எதிரி என்ன அலங்காரம் போட்டிருந்தாலும் எந்தக் கிளாஸ் என்று உருவத்தைப் பார்த்ததும் தெரியும்.

இதெல்லாம் முடிந்ததும்தான் உண்மையான வேலை ஆரம்பம். எதை டாட்ஜ் செய்வது? உருளும்போது முக்கால் நொடிதான் அடி படாது. அந்த முக்கால் நொடியைச் சாதாரண அடிக்குக் கொடுக்கக் கூடாது. எதிரே வாரியர் கோடரியோடு வந்தால், அவன் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு எகிறும் அந்த ஒரு ஸ்கில்லுக்காகக் காத்திருங்கள். சுத்தியல் வைத்திருந்தால் தாவி வந்து தரையில் அறைவது. நீங்களே வாரியர் என்பதால் உங்கள் கை அசைவுகள்தான் அவனுக்கும், இது உங்களுக்குப் பெரிய வசதி. மற்ற கிளாஸ் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று மேட்ச் நீங்களே ஆடிப் பாருங்கள், ஜெயிக்க வேண்டும் என்று இல்லை. எந்த ஸ்கில் எப்படித் தொடங்குகிறது என்று கண் பழகினால் போதும். அரங்க முகாமில் கோலெம் என்ற பயிற்சிப் பொம்மை நிற்கிறது, அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். ரேங்க்டை ஒரு வாரம் மறந்துவிட்டு சாதாரண மேட்சில் இதைச் செய்யுங்கள்.

செந்தூவி:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வாரியரின் எண்டியூர் பெயின் ஸ்கில்லைப் போட்டுவிட்டு நின்று அடிக்கிறீர்களா? அது நேரடி அடியைத்தான் நிறுத்தும். நெருப்பு, விஷம், ரத்தக்கசிவு மாதிரி கண்டிஷன் எல்லாம் அதற்குள்ளேயும் தின்றுகொண்டே இருக்கும். மேலே சின்னச் சின்னதாகக் கண்டிஷன் படங்கள் குவிந்திருந்தால் அதை நம்பி நிற்காதீர்கள், விலகிப் போய் அவற்றை நீக்கிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, ஒருவனோடு ஒருவன் மோதுவதையே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆடும் கான்க்வெஸ்ட், வட்டங்களைப் பிடிக்கும் ஆட்டம், அப்படி ஜெயிக்கிற ஆட்டம் இல்லை. மூன்று வட்டம், முதலில் 500 புள்ளி எடுத்த அணி ஜெயிக்கும். ஒரு ஆளைக் கொன்றால் 5 புள்ளிதான். வட்டத்தை விட்டு அவனை ஐம்பது அடி துரத்திக்கொண்டு போய்க் கொல்லும் நேரத்தில் அவன் கூட்டாளி உங்கள் வட்டத்தைப் பிடித்துவிடுவான். நடு வட்டத்தில் ஏற்கனவே உங்கள் ஆட்கள் மூன்று பேர் இருந்தால் நான்காவதாகப் போகாதீர்கள். பத்து நொடிக்கு ஒரு முறையாவது மினிமேப்பைப் பாருங்கள். தோற்கப்போகிற சண்டை என்று தெரிந்தால் உடனே விலகிவிடுங்கள். செத்துத் திரும்பி வரும் நேரம் உங்கள் அணி நான்கு பேரோடு ஆடும்.

ஏழாம்நிலா:

இருமுறை தட்டும் செட்டிங் எனக்கும் இவ்வளவு நாள் ஆன் ஆகித்தான் இருந்திருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பாறை ஓரத்தில் நிற்கும்போது தானாக உருண்டு கீழே விழுவேன், ஏன் என்று தெரியாமலே இருந்தேன். நன்றி.

மழைக்காக்கை:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். செட்டிங்கை அணைத்த முதல் இரண்டு நாள் இன்னும் மோசமாக இருந்தது. கை தட்டிக்கொண்டே இருந்தது, ஆள் உருளவில்லை, நான் தடுமாறினேன். மூன்றாம் நாள் ஒரு மேட்சில் எதிரி வாரியர் கோடரியை ஓங்கிக்கொண்டு எகிறினான். அந்த நொடி எனக்கு எல்லாம் மெதுவாக நடந்த மாதிரி இருந்தது. கட்டைவிரல் அழுந்தியது, ஆள் உருண்டான், கோடரி வெறும் தரையில் விழுந்தது. என் கோட்டில் இன்னொரு டாட்ஜ் அப்படியே மிச்சம் இருந்தது. அந்தச் சண்டையை நான்தான் ஜெயித்தேன். ஐந்து வருடத்தில் இப்படி ஒரு சண்டை ஜெயித்ததே இல்லை என்று தோன்றியது, ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஒரே பலம்.

கேபிள் போட்டுவிட்டேன், பிங் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. மற்ற கிளாஸ்களில் ஐந்தை ஆடிப் பார்த்துவிட்டேன். சாதாரண மேட்சில் ஆடியது 22, ஜெயித்தது 12. கேம் மாறும் எண்ணமே போய்விட்டது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ரேஞ்சர் தூரத்தில் நின்று வில்லில் வரிசையாக அம்பு விடுகிறான். ஒரு டாட்ஜ் போட்டால் பாதிதான் தப்புகிறது, மிச்சம் முதுகில் இறங்குகிறது. இரண்டாவதையும் போட்டால் அவன் அடுத்து என்னைத் தள்ளிவிடும்போது கையில் ஒன்றும் இல்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

கரும்பாறை:

ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது தம்பி.

அந்த அம்பு வரிசை இரண்டரை நொடி ஓடும், முக்கால் நொடி டாட்ஜால் அதை மூட முடியாது. அதற்கு டாட்ஜே போடாதே. அவன் கண்ணுக்கும் உனக்கும் நடுவில் ஒரு தூண், சுவர், பாறை எதையாவது கொண்டுவா. மறைந்தால் மிச்ச அம்பு எல்லாம் கல்லில் போகும். டாட்ஜை அவன் தள்ளிவிடும் அம்புக்கு வைத்துக்கொள். அது போனதும் வெளியே வந்து நெருங்கு.

இன்று இரவு ஒன்பது மணிக்கு நான் தனி அரங்கம் ஒன்று திறக்கிறேன், செந்தூவியும் வருகிறார். நான் ரேஞ்சர் எடுக்கிறேன். நீ தூணில் இருந்து தொடங்கு.

மழைக்காக்கை:

வருகிறேன் அண்ணா.