டைமிங் பெல்ட் மாற்றும்போது சந்தேகம்: கிராங்க் குறி சரியா நிக்குது, கேம் குறி ஒன்றரைப் பல் தள்ளி நிக்குது

பழையவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். நாலு சிலிண்டர் பெட்ரோல், ஒரே கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு), டிஸ்ட்ரிபியூட்டர் வெச்ச பழைய இன்ஜின். செகண்ட் ஹேண்டா வாங்கின வண்டி. கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுத்த வைக்கிற தண்டு) கேமையும் ஒண்ணா சுத்த வைக்கிற டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு ஒரு ரசீதும் இல்லை. மேல் கவரைத் திறந்து பார்த்தேன். பெல்ட்டோட முதுகு இறுகிப் பளபளன்னு இருக்கு, நகத்தை வெச்சு அழுத்தினாலும் தடம் விழலை. அதனால மாத்தியே தீரணும்.

பெல்ட்டை இன்னும் கழட்டலை. கீழே கிராங்க் புல்லியில இருக்கிற வெட்டுக் குறியைக் கவர்ல இருக்கிற 0-க்கு (முதல் பிஸ்டன் உச்சத்துல இருக்கணும்ங்கிற இடம்) நேரா கொண்டுவந்தேன். மேலே கேம் ஸ்ப்ராக்கெட் (பெல்ட் ஓடுற பல்சக்கரம்) குறி, ஹெட்ல இருக்கிற குறிக்கு வந்து சேரலை. ஒன்றரைப் பல் பின்தங்கி நிக்குது. ஆனா வண்டி நல்லாத்தான் ஓடிட்டு இருந்தது. ஐட்லிங் ஆடலை, பிக்கப்பும் குறையலை.

ரெண்டையும் அதது குறிக்கு நேரா வெச்சு புது பெல்ட்டை மாட்டட்டுமா? இல்லை, இப்ப இருக்கிற நிலையிலேயே பெயிண்ட் குறி போட்டு மாட்டட்டுமா? இது பிஸ்டனும் வால்வும் முட்டக்கூடிய இன்ஜின்னு மேனுவல்ல போட்டிருக்கு, அதான் பயமா இருக்கு.

ரிங்ஸ்பானர்:
பழைய பெல்ட் தளர்ந்து பல் தாண்டியிருக்கும் சார். கம்பெனி போட்ட குறிதான் கணக்கு. மேலயும் கீழயும் குறிக்கு நேரா வெச்சு மாட்டுங்க, ஓட்டம் இன்னும் நல்லா இருக்கும்.

கேரேஜ்தாத்தா:
தம்பி, அவசரப்படாதே, பெல்ட்டைத் தொடாதே. பல் தாண்டினா முழுப் பல்லாத்தான் தாண்டும். ஒண்ணு, இல்லேன்னா ரெண்டு. ஒன்றரைப் பல் எப்படித் தாண்டும்? நீ பார்க்கிற ரெண்டு குறியில ஒண்ணு பொய் சொல்லுது. எனக்கு சந்தேகம் அந்தப் புல்லி மேலதான்.

நாலாம்கியர்:
ஐயா சொல்வது சரி. கொஞ்சம் விளக்குகிறேன்.

பல இன்ஜின்களில் கிராங்க் புல்லி ஒரே இரும்புத் துண்டு அல்ல. நடுவில் இருக்கும் பகுதி கிராங்க்கோடு போல்ட்டால் இறுக்கப்பட்டது. வெளி வளையத்தில்தான் ஆல்டர்னேட்டர் பெல்ட் ஓடும். இரண்டுக்கும் நடுவே, அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வருடக்கணக்கில் சூடும் எண்ணெயும் பட்டு ரப்பர் விட்டுப்போனால், வெளி வளையம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். வெட்டுக் குறி அந்த வெளி வளையத்தில்தான் இருக்கிறது. குறி 0-ல் நிற்கும், ஆனால் முதல் பிஸ்டன் உச்சத்தில் இருக்காது.

இன்னொரு சான்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கேம் எப்போதும் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றும். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல், கேம் ஸ்ப்ராக்கெட்டில் 40 பல் என்றால், ஒரு பல்லின் தவறு கிராங்க் கணக்கில் 18 டிகிரி. ஒன்றரைப் பல் 27 டிகிரி. வால்வு அவ்வளவு தாமதமாகத் திறந்து மூடினால் ஐட்லிங் சீராக இருக்காது, ஏற்றத்தில் வண்டி இழுக்காது. உங்கள் வண்டி நன்றாக ஓடியது. ஆகவே பெல்ட் சரியான இடத்தில்தான் இருக்கிறது. முதல் பதிலில் சொன்னபடி மாட்டினால், நன்றாக ஓடிய இன்ஜினை ஒன்றிரண்டு பல் தவறவைத்து, வால்வு வளையும் அபாயத்துக்கும் கொண்டுபோய் விடுவீர்கள்.

ரிங்ஸ்பானர்:
அந்த ரப்பர் விஷயத்தை நான் யோசிக்கலை. அப்ப உண்மையான உச்சத்தை எப்படிப் பார்க்கிறது?

கேரேஜ்தாத்தா:
நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டு, இன்ஜின் லேசா சுத்தும். கிராங்க் போல்ட்ல சாக்கெட் மாட்டி, இன்ஜின் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம் மட்டும் சுத்து. எதிர்ப்பக்கம் சுத்தினா பெல்ட் தளர்ந்து பல் தாண்டலாம். கேம் குறி ஹெட் குறிக்கு நேரா வந்ததும் நிறுத்து. முதல் சிலிண்டர் ஓட்டைக்குள்ள நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா விட்டுப் பாரு, பிஸ்டன் மேலே இருக்கணும். கம்பி, குச்சி எதுவும் விடாதே. உடைஞ்சு உள்ளே விழுந்தா ஹெட்டை இறக்க வேண்டி வரும்.

நாலாம்கியர்:
ஸ்ட்ரா தோராயமாகத்தான் சொல்லும். உச்சத்துக்கு அருகில் கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. கடைசி முடிவை கிராங்க் ஸ்ப்ராக்கெட்டிலேயே பாருங்கள். புல்லியையும் கீழ்க் கவரையும் கழற்றினால், ஸ்ப்ராக்கெட்டில் ஒரு சின்னக் குறியும், எதிரே ஆயில் பம்ப் உடலில் இன்னொன்றும் தெரியும். அந்த ஸ்ப்ராக்கெட், திரும்பாமல் பிடிக்கும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டோடு கிராங்க்கில் உட்கார்ந்திருக்கிறது, நழுவ வழியில்லை.

கிராங்க் போல்ட் மிகவும் இறுக்கமாக இருக்கும். கியர் வண்டி என்றால் மேல் கியரில் போட்டு, ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி அவிழுங்கள். ஸ்டார்ட்டரைத் தட்டி அவிழ்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே கை விடாதீர்கள், ஸ்டாண்ட் அவசியம்.

பழையவண்டி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கேம் குறியை நேரா வெச்சுட்டுப் புல்லியைக் கழட்டினேன். கிராங்க் ஸ்ப்ராக்கெட் குறி ஆயில் பம்ப் குறிக்கு மிகச் சரியா நிக்குது! புல்லியைத் திருப்பிப் பார்த்தா, பின்பக்கம் ரப்பர் ஒரு இடத்துல வெளியே பிதுங்கி, சுத்திலும் கீறல் கீறலா வெடிச்சிருக்கு. நடுப்பகுதியையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுட்டு, வளையத்தைக் கையால திருகினேன். கோடு விலகிடுச்சு.

இன்னொண்ணு. கிராங்க் ஆயில் சீல் பக்கம் ஈரமா இருக்கு. சீலையும் சேர்த்து மாத்தணுமா? வாட்டர் பம்ப் இந்த பெல்ட்டுலதான் ஓடுது, ஆனா கசிவு இல்லை.

கேரேஜ்தாத்தா:
அந்தப் புல்லியைத் திரும்ப மாட்டாதே தம்பி. வளையம் கழண்டு பறந்தா பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போகும். புதுசு வர்ற வரைக்கும் வண்டி நிக்கட்டும்.

சீல் கட்டாயம் மாத்து, கிராங்க் சீலும் கேம் சீலும். எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிப் பல் உரியும், புது பெல்ட்டும் சீக்கிரம் போயிடும். வாட்டர் பம்ப், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சக்கரம்), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டுற சக்கரம்) மூணையும் மாத்திடு. பம்ப் இன்னைக்குக் கசியாம இருக்கலாம். நாளைக்கு பேரிங் இறுகினா பெல்ட்டையும் கூட்டிட்டுத்தான் போகும். அதுக்காகத் திரும்ப இவ்வளவையும் பிரிக்கணும்.

நாலாம்கியர்:
புது பெல்ட்டை மடிக்கவோ, உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பவோ கூடாது. உள்ளே கண்ணாடி இழை நூல் இருக்கிறது, கூர்மையாக மடித்தால் வெளியே தெரியாமல் அறுந்துவிடும். அம்புக்குறி இருந்தால் இன்ஜின் சுற்றும் திசையில் இருக்கட்டும்.

கிராங்க்கிலிருந்து தொடங்குங்கள். டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வே இல்லாமல் கேம் வரை இழுத்து மாட்டிவிட்டு, மிச்சத் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வரட்டும். பல் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டென்ஷனர் இல்லாத அந்த இழுபக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், டென்ஷனர் இழுத்ததும் கேம் குறி விலகிவிடும்.

பிறகு கையால் கிராங்க்கை முழுதாக 2 சுற்று சுற்றுங்கள். கேம் 1 சுற்று சுற்றி, இரண்டு குறிகளும் பழையபடி வந்து நிற்க வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தட்டினால் பலம் போடாமல் அங்கேயே நிறுத்துங்கள். அது வால்வு பிஸ்டனில் முட்டும் இடமாக இருக்கலாம்.

பழையவண்டி:
எல்லாம் மாட்டியாச்சு. 2 சுற்று சுத்திப் பார்த்தேன், எங்கேயும் தட்டலை, ரெண்டு குறியும் நேரா வந்து நின்னுது. புது புல்லி போட்டதும் அதோட வெட்டுக் குறியும் 0-லயே நிக்குது. முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆச்சு, ஐட்லிங் அருமை. டைமிங் லைட் வெச்சு இக்னிஷனையும் மேனுவல் அளவுக்கு வெச்சுட்டேன்.

ஒரே ஒரு குறை. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க முன்பக்கத்துல "ஊய்ய்"னு ஒரு சத்தம் கூடவே ஏறுது. முன்னாடி இது இல்லை.

கேரேஜ்தாத்தா:
பெல்ட் அதிகமா இறுகியிருக்கு. தளர்வா இருந்தா கவர்ல பட் பட்னு அடிக்கும், இறுக்கமா இருந்தா இப்படித்தான் ஊளையிடும். நீளமான பக்கத்துல ரெண்டு விரலால திருகிப் பாரு, கால் சுற்று திரும்பினா போதும்.

நாலாம்கியர்:
விரல் கணக்கு அனுபவக் கைக்குச் சரி. ஆனால் உங்கள் டென்ஷனரில் இறுக்கத்தைக் காட்டும் முள்ளும், அது நேராக நிற்க வேண்டிய பள்ளமும் இருந்தால் அதையே நம்புங்கள். இன்ஜின் முழுக்க ஆறியதும் செய்யுங்கள். சூட்டில் இன்ஜின் உடல் விரிந்து பெல்ட் தானாகவே இறுகும், அப்போது வைக்கும் அளவு தவறாகிவிடும். டென்ஷனரைச் சரிசெய்த பிறகு திரும்பவும் 2 சுற்று சுற்றிக் குறிகளைப் பாருங்கள். இந்தச் சத்தத்தோடு ஓட்ட வேண்டாம், புது வாட்டர் பம்ப் பேரிங்தான் முதலில் அடிவாங்கும்.

பழையவண்டி:
காலையில இன்ஜின் ஆறின பிறகு பார்த்தேன். முள் பள்ளத்தைத் தாண்டி நின்னுது. தளர்த்தி நேரா வெச்சு, சுத்திப் பார்த்து, டார்க் ரெஞ்ச்ல இறுக்கிட்டேன். சத்தம் சுத்தமா போயிடுச்சு. கிலோமீட்டரும் தேதியும் எழுதி மேல் கவர்ல ஒட்டியிருக்கேன், அடுத்து இந்த வண்டியைத் திறக்கிறவங்களுக்காவது தெரியட்டும்.

கேரேஜ்தாத்தா:
ரொம்ப சந்தோஷம் தம்பி. கூலன்ட் மட்டத்தை மட்டும் கொஞ்ச நாளைக்குக் காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்த்துக்கோ. உள்ளே மாட்டியிருக்கிற காத்து வெளியேறினா மட்டம் இறங்கும். ஒருமுறை ஊத்தின பிறகும் இறங்கிட்டே இருந்தா பம்ப் கேஸ்கெட்டைப் பாரு.